மாசம் மூணு வெள்ளி (டாலர்) கட்டணம்தானே, அப்புறம் ஏன் பிள்ளை வரலைன்னு கேக்குறவங்களுக்கு ஒரு தமிழ் டீச்சரோட திறந்த மடல்

சிங்கப்பூர்ல பாலர் பள்ளிகளைப் பாத்துக்கற இசிடிஏ அதிகாரிகளுக்கும், வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு உதவற கிட்ஸ்டார்ட், காம்லிங்க் பிளஸ் திட்டங்கள்ல குடும்பங்களோட வேலை செய்யறவங்களுக்கும் வணக்கம்.

நான் பாலர் பள்ளியில தமிழ் சொல்லிக்குடுக்குறவ. ஒரே இடம் கிடையாது, வாரத்துக்கு மூணு சென்டர், திங்களும் புதனும் ஒண்ணு, செவ்வாயும் வியாழனும் ஒண்ணு, வெள்ளிக்கிழமை இன்னொண்ணு. ஒரு பை நிறைய எழுத்து அட்டை, ஒரு கைப்பொம்மை, ஒரு டப்பா புளியங்கொட்டை, இதைத் தூக்கிக்கிட்டு பஸ் மாறி பஸ் மாறி போயிட்டு வர்றேன், பதினோரு வருஷம் ஆச்சு. மூணுல ரெண்டு சென்டர், வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசாங்க வாடகை வீட்டு புளோக்குக்கு அடியிலேயே இருக்கு, அதனால நீங்க ஃபைல்ல பாக்குற குடும்பங்களை நான் தினமும் லிஃப்ட்ல பாக்குறேன்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பெற்றோர் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் டீ குடிச்சிட்டு நின்னப்ப, ஒருத்தர் சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாரு. "மாசம் மூணு வெள்ளிதான் கட்டுறாங்க, அதுக்கும் புள்ளைய ஒழுங்கா அனுப்பலைன்னா பெத்தவங்களுக்கு அக்கறை இல்லைன்னுதானே அர்த்தம்?" கேட்டவர் நல்ல மனுஷர்தான், வருஷா வருஷம் ஸ்கூல் பேக் வாங்கிக் குடுக்குறவர். அங்க நான் வாயைத் திறக்கலை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி மனசுல கெடந்து குடைஞ்சுகிட்டே இருந்துச்சு, அவருக்கு மட்டும் பதில் சொல்லி என்ன பிரயோஜனம், அதே கேள்வி உங்க ஆபீஸ்லயும் இருக்கும்னு தோணுச்சு, அதான் உங்களுக்கே எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் குறை சொல்றதுக்குன்னு உக்காரலை. நான் இந்த வேலைக்கு வந்த காலத்துல இருந்ததையும் இப்ப இருக்கறதையும் பாத்தா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2012-ல அரசாங்கம் பாலர் பள்ளிக்குச் செலவு பண்ணினது வருஷத்துக்கு 36 கோடி வெள்ளி, 2018-ல அது 100 கோடி கிட்ட வந்துடுச்சு, அதையும் ரெண்டு மடங்குக்கு மேல ஆக்கப்போறோம்னு 2019 தேசிய தினப் பேரணியில அப்ப பிரதமரா இருந்த லீ சியன் லூங்கே சொன்னாரு. அரசாங்க ஆதரவோட நடக்கற பெரிய நடத்துநர் (ஆங்கர் ஆபரேட்டர்) சென்டர்ல முழுநாளுக்கான மாசக் கட்டண உச்சவரம்பு 2023-ல 680 வெள்ளி, 2025-ல 640, 2026-ல 610. குறைஞ்ச வருமானம் உள்ள குடும்பத்துக்கு மானியமெல்லாம் கழிச்சா மாசம் மூணு வெள்ளி வரைக்கும்கூட இறங்குது. ஒரு காப்பி, ஒரு பரோட்டா காசு. இதையெல்லாம் செஞ்சவங்களுக்குக் கை எடுத்துக் கும்பிடணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்லை.

ஆனா பிள்ளை வரலையே. ஏன்னு சொல்றேன், ஒரே ஒரு பையனை வெச்சுச் சொல்றேன், பேரு வேண்டாம்.

நாலு வயசு. நான் செவ்வாய் வியாழன் போற சென்டர். நான் அவனை முதல்ல பாத்தப்ப அவன் அங்க சேந்து மூணு மாசம் ஆகியிருந்துச்சு. அவனோட ஃபைல்ல பேச்சு குறைவு, எண்ணத் தெரியலை, சொன்னா கேக்க மாட்டேங்கறான்னு எழுதியிருந்தாங்க, வளர்ச்சிப் பரிசோதனைக்கு அனுப்பலாமான்னு பேச்சும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கிளாஸ் டீச்சர் மேல தப்பே இல்லை, இருபது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு அவங்க பாத்ததைத்தான் எழுதியிருக்காங்க. நான் போன அன்னிக்கு மழை. அவன் சன்னல்கிட்ட நின்னுட்டு இருந்தான். நான் சும்மா பக்கத்துல போய், "நேத்து ஏன்டா தம்பி வரலை?"ன்னு கேட்டேன்.

திரும்பிப் பாத்தான். ரெண்டு நிமிஷம் என் வாயையே பாத்தான். அப்புறம் மூச்சு விடாம சொல்றான், "லிஃப்ட் கெட்டுப்போச்சு டீச்சர், ஆயாவுக்கு முட்டி வலிக்குதுல்ல, ஆயா உக்காந்து உக்காந்து எறங்குச்சு, நான் முன்னாடி போயி நின்னேன், எட்டு, ஏழு, ஆறு, அப்புறம் அஞ்சுல ஆயா போதும்னு சொல்லிட்டு திரும்ப ஏறிடுச்சு." ஆயான்னா அவன் பாட்டி. சொல்றப்ப ஒவ்வொரு மாடிக்கும் ஒரு விரலை மடக்குறான். எண்ணத் தெரியாதுன்னு ஃபைல்ல இருக்கற பிள்ளை, எட்டாம் மாடியிலேருந்து பின்னோக்கி எண்ணிக் காட்டுறான். நான் கிளாஸ் டீச்சரைக் கூப்பிட்டு, அவன் சொன்னதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னேன், அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, உடனே அவனைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே அந்த ஃபைல்ல அவங்களே திருத்தி எழுதினாங்க.

அந்த மாசம் அவன் வந்தது ஆறு நாள். ஆறு நாள்தான்.

அவன் அம்மா ஒரு மால்ல கிளீனர். காலைல ஆறு மணிக்கு ஷிஃப்ட், அஞ்சே காலுக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பணும். சென்டர் கதவு திறக்கறது ஏழு மணிக்கு. அப்பா இல்லை, அதுக்கு மேல அந்தக் கதை இங்க வேண்டாம். வீட்டுல ஆயா, எழுபது வயசுக்கு மேல, காலைல எந்திரிச்சா முட்டி மடங்காது, வெந்நீர் ஒத்தடம் குடுத்து, கொஞ்சம் நடந்து பாத்து, ஒரு வழியா காலு வழிக்கு வர்றதுக்கு பத்து மணி ஆயிடும். பத்தரைக்கு அவனைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து கேட்ல நிப்பாங்க. சென்டர்ல ஒன்பதரைக்குள்ள வரணும்னு ஒரு ஏற்பாடு, அதுவும் நியாயம்தான், நடுவுல வந்தா பாடம் கெடும், சாப்பாட்டுக் கணக்கு மாறும். கேட்ல நிக்கறவங்க இங்கிலீஷ்ல என்னவோ சொல்லுவாங்க, திட்டெல்லாம் மாட்டாங்க, நாளைக்குச் சீக்கிரம் வாங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆயாவுக்கு வார்த்தை புரியாது, முகம் மட்டும் புரியும். ஒரு தடவை என்கிட்ட சொன்னாங்க, "அந்தப் பொண்ணு முகத்தைச் சுளிச்சுதும்மா, எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு, அதான் மறுநாள் கூட்டியாரலை." பிள்ளை வராததுக்கு நாம ஆயிரம் காரணம் யோசிக்கிறோம், அந்த வீட்டுக் காரணம் ஒரு முட்டியும் ஒரு முகச்சுளிப்பும்.

இன்னொண்ணு லெட்டர். 2023-ல, அவன் இந்த சென்டருக்கு வர்றதுக்கு முன்னாடி, அந்த அம்மா வேலை பாத்த கம்பெனிக்கு கான்ட்ராக்ட் போயிடுச்சு, இவங்களுக்கும் வேலை போச்சு. அப்ப இருந்த கணக்குப்படி அம்மா மாசத்துக்கு குறைஞ்சது 56 மணி நேரம் வேலை பாத்தாத்தான் முழு மானியம், வேலை இல்லைன்னா அடிப்படை மானியம் 300-லேருந்து 150-க்கு இறங்கும், கூடுதல் மானியமும் போயிடும். 680-ல 150 போனா மிச்சம் என்னன்னு நீங்களே போட்டுப் பாருங்க, அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற. வேலை போன மாசத்துல ஐநூறு வெள்ளிக்கு மேல ஒரு பில். அந்த அம்மா என்ன பண்ணினாங்கன்னா, பிள்ளையை நிறுத்திட்டாங்க, கடனை அடைச்சிட்டு அப்புறம் அனுப்பலாம்னு. நாலு மாசம் அவன் வரலை.

ஒரு நாள் புளோக் கீழ சிமென்ட் மேசையில உக்காந்து ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாங்க. நாலு லெட்டர், நாலும் மடிப்பு கலையாம இருந்துச்சு. முதல் லெட்டர்ல வேலை விவரம் மாறியிருந்தா தெரிவிக்கவும்னு இருந்துச்சு. ரெண்டாவது பில். மூணாவதுல, வேலை தேடிக்கிட்டு இருந்தா சிறப்பு அனுமதி கேக்கலாம், இன்ன இன்ன ஆவணம் கொண்டு வாங்கன்னு தெளிவா எழுதியிருக்கு. அவங்க தேடின வழி அந்த டின்னுக்குள்ளேயே இருந்திருக்கு, சார். நாலாவது, நிலுவையைக் கட்டச் சொல்லி. நான் மூணாவது லெட்டரைப் படிச்சுத் தமிழ்ல சொன்னப்ப அந்த அம்மா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க, அழல, ஒண்ணும் சொல்லல, லெட்டரை வாங்கி மறுபடியும் அதே மடிப்புல மடிச்சு உள்ள வெச்சாங்க. நான் அந்த மடிப்பை மறக்கவே மாட்டேன்.

2024 டிசம்பர்ல நீங்க அந்த விதியை மாத்தினீங்க. குடும்ப வருமானம் 6,000 வெள்ளிக்கு உள்ள இருந்தா, அம்மா வேலைக்குப் போனாலும் போகலைன்னாலும் சைல்ட் கேர்ல அதே முழு மானியம். அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு நான் பஸ்லயே அழுதுட்டேன், உண்மையாச் சொல்றேன். பிள்ளை படிக்கிறதுக்கும் அம்மா சம்பளத்துக்கும் போட்டிருந்த முடிச்சை அவுத்துட்டீங்க. ஆனா கைக்குழந்தைங்களைப் பாத்துக்கற இன்ஃபண்ட் கேர்ல அந்த முடிச்சு இன்னும் இருக்கு, வேலை பாக்குற அம்மாவுக்கு அடிப்படை மானியம் 600, பாக்காத அம்மாவுக்கு 150. கைக்குழந்தையை விட இடம் இருந்தாத்தான் வேலை தேடிப் போக முடியும், வேலை இருந்தாத்தான் விட முடியும். நேர்காணலுக்குக் குழந்தையைத் தூக்கிட்டுப் போன ஒரு பொண்ணு எனக்குத் தெரியும், வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. சைல்ட் கேருக்குச் செஞ்ச அதே நல்லதை அங்கேயும் செய்ங்கன்னு கேட்டுக்கறேன், இதுக்கு மேல அதைப் பத்தி நான் நீட்டலை, உங்களுக்குத் தெரியாதது இல்லை.

லெட்டர் விஷயத்துக்கு வர்றேன். தமிழ்ல போஸ்டர் போடறீங்க, நானும் பாத்திருக்கேன், நல்லா இருக்கு. அந்த டின்ல இருந்த நாலும் இங்கிலீஷ். தமிழ்ல வந்தாலும் எந்தத் தமிழ்ங்கறது முக்கியம், ஆயாகிட்ட நான் மானியம்னு சொன்னப்ப என்னம்மா மானம்னு கேட்டாங்க, கழிவுன்னு சொன்னதும் டக்குன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. எழுத்தைவிட குரல் மேல். முக்கியமான விஷயமா இருந்தா போன்ல தமிழ்ல ஒரு குரல்பதிவு அனுப்புங்க, அந்த ஆயா ஊர்ல இருக்கற தங்கச்சிகிட்ட தினம் அப்படித்தான் பேசிக்கிட்டு இருக்காங்க, அது அவங்களுக்குப் பழகின சமாச்சாரம்.

இப்ப தமிழைப் பத்தி. இது என் பொழப்பு, அதனால நான் சாய்வாப் பேசறேன்னு நினைக்கலாம், பரவாயில்லை. கல்வி அமைச்சோட பாலர் பள்ளிகள் 2014-ல ஆரம்பிச்சதுலேருந்து சீனம், மலாய், தமிழ் மூணும் அங்க இருக்கு, அது பெரிய விஷயம். ஆனா அது கே1, கே2, அதாவது அஞ்சு வயசுக்கு மேல. மூணு நாலு வயசுல பிள்ளை இருக்கறது சைல்ட் கேர்ல. நான் போற சென்டர்ல நான் வராத நாள் தமிழ் இல்லை, மத்த பிள்ளைங்க சீனம் படிக்கிற நேரம் எங்க பையன் ஓரமா உக்காந்து கலர் அடிப்பான், இல்லைன்னா அவங்களோட சேந்து பாடுவான். லாவ்ஷிக்கு, அதான் சீன டீச்சருக்கு, அவன்னா உசிரு, அவனும் அவங்க பாட்டை அழகாப் பாடுவான், எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா வீட்டுல பேசறது முழுக்க தமிழ், அதுவும் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆயா தமிழ். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுலயே இங்கிலீஷ் கிடைச்சிடும், அவனுக்குத் தமிழ் டீச்சர்ங்கறவ மொழி சொல்லிக்குடுக்க வர்றவ. இந்தப் பையனுக்கு நான் அவன் பேசினா புரிஞ்சுக்கற ஒரே பெரிய ஆள். வாரத்துல ரெண்டு நாள் மட்டும் புரிஞ்சுக்கற ஆள். பரிசோதனைக்கு அனுப்பலாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பிள்ளையோட வீட்டு மொழியில யாராவது ஒரு தடவை பேசிப் பாக்கணும்ங்கறதை ஒரு விதியாவே வெச்சுடுங்க. நிஜமாவே உதவி தேவைப்படற பிள்ளைக்கும் அதுதான் நல்லது, சீக்கிரம் தெரிஞ்சிடும்.

காம்லிங்க் பிளஸ்ல மூணு வயசுல பிள்ளையைச் சேத்தா சிடிஏ-ங்கற பிள்ளை வளர்ச்சிக் கணக்குல 500 வெள்ளி, அப்புறம் ஒழுங்கா வந்தா மூணு மாசத்துக்கு ஒரு தடவை 200 வெள்ளின்னு போடறீங்க. நல்ல எண்ணம், வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன், அந்தக் காசுல பள்ளிக் கட்டணம், கிளினிக்னு எவ்வளவோ பாத்துக்கலாம். ஆனா நான் அந்த வீட்டுக் காலை நேரத்தை நினைச்சுப் பாக்குறேன். அஞ்சே காலுக்கு அம்மா போயாச்சு, ஆயா வெந்நீர் வெச்சுக்கிட்டு இருக்காங்க, பையன் சட்டையை மாட்டிக்கிட்டு பட்டன் போடத் தெரியாம நிக்கிறான். அந்த நேரத்துல சிடிஏ-ல இருக்கற 200 வெள்ளி என்ன பண்ணும்? அங்க தேவைப்படறது ஒரு ஆளு. பட்டனைப் போட்டுவிட்டு, கையைப் பிடிச்சு, லிஃப்ட்ல இறக்கி, கேட் வரைக்கும் கொண்டு போய் விடறதுக்கு ஒரு ஆளு. அவ்வளவுதான் விஷயம்.

நான் ஆராய்ச்சி பண்றவ கிடையாது, ஆனா லைப்ரரியிலயும் போன்லயும் தேடித் தேடிப் படிப்பேன். பாலர் பள்ளின்னாலே எல்லாரும் எடுத்துக்காட்டுறது அமெரிக்காவுல மிச்சிகன்ல 1962-லேருந்து 1967 வரை நடந்த பெரி பாலர் பள்ளி. அதுல 58 ஏழைப் பிள்ளைங்க படிச்சாங்க, நாப்பது வயசு வரைக்கும் அவங்களைத் தொடர்ந்து பாத்து, படிக்காத பிள்ளைங்களைவிட நல்லா வந்தாங்கன்னு சொல்லுவாங்க. பாதிப் பேரு விட்டுடற விஷயம் என்னன்னா, அந்தப் பள்ளி டீச்சருங்க வாரா வாரம் ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் அம்மாவோட உக்காந்திருக்காங்க. ஜமைக்காவுல கிங்ஸ்டன்ல 1986, 87-ல வளர்ச்சி குன்றின 129 குழந்தைங்களை எடுத்து ஒரு வேலை செஞ்சாங்க. அதுல ஒரு பகுதி வீடுகளுக்கு, ரெண்டு வருஷம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு சுகாதார உதவியாளர் போய், வீட்டுல கிடைக்கற சாமானை வெச்சே பொம்மை பண்ணி, அம்மாவுக்குக் குழந்தையோட எப்படி விளையாடறதுன்னு காட்டியிருக்காங்க. இருபது வருஷம் கழிச்சுப் பாத்தா, அந்தப் பிள்ளைங்க சம்பாத்தியம் மத்தவங்களைவிட 25 சதவீதம் கூட. போனவங்க பெரிய படிப்புப் படிச்ச நிபுணருங்க இல்லை, அந்த ஊருலயே சமூக சுகாதார வேலை பாத்தவங்க, அந்த அம்மா பேசற பேச்சைப் பேசறவங்க.

நம்ம ஆயாவுக்கு இதெல்லாம் சொன்னப்ப அவங்க சொன்னாங்க, "எங்க ஊரு பால்வாடி டீச்சரு மாதிரின்னு சொல்லு." சரிதான். இந்தியாவுல 1975-ல ஆரம்பிச்ச குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடி. ஆயா சொல்றாங்க, அவங்க கிராமத்துல டீச்சரோட இருந்த உதவியாள் அம்மா காலைல ஒரு சுத்து சுத்தி, வீட்டு வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டு, எட்டு பத்து பிள்ளைங்களைக் கோழிக்குஞ்சு மாதிரி ஓட்டிக்கிட்டுப் போவாங்களாம். தமிழ்நாட்டுல 320 அங்கன்வாடியை வெச்சு ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க, பாதி இடத்துல அரை நாள் வேலைக்கு ஒரே ஒரு ஆளைக் கூடப் போட்டாங்க, அவ்வளவுதான், பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்குற நேரம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, படிப்பும் ஏறுச்சு, ஊட்டச்சத்துக் குறைவும் குறைஞ்சுது. நம்ம நாட்டோட வசதியையும் அந்த அங்கன்வாடியையும் ஒப்பிடவே முடியாது, நம்ம சென்டர்ல ஏசி, அங்க ஃபேன் ஓடினாலே பெருசு. ஆனா வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்பிடற அந்த உதவியாள் அம்மா அங்க இருந்தாங்க, நம்மகிட்ட இல்லை.

கிட்ஸ்டார்ட் இருக்கேன்னு சொல்லுவீங்க. இருக்கு, அதை நான் நெஞ்சாரப் பாராட்டுறேன். 2016-ல ஆயிரம் பிள்ளைங்களுக்குன்னு சோதனையா ஆரம்பிச்சு, 2023-லேருந்து நாடு முழுக்கக் கொண்டு போறீங்க, கர்ப்பமா இருக்கறப்பவே வந்து பாக்குறாங்க, வீட்டுக்கு வர்றாங்க, தாய்க்குச் சொல்லிக்குடுக்குறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் யாரோடயும் பேசாம கெடந்தவ, வீட்டுக்கு வந்த அந்த அம்மாவாலதான் எந்திரிச்சு உக்காந்தா. அவ சொன்னது, "அக்கா, அவங்க மட்டும்தான் என் வீட்டைச் சுத்திப் பாக்காம என் குழந்தையைப் பாத்தாங்க." இந்த மாதிரி ஆளுங்களை நீங்க எங்கேருந்து தேடிப் பிடிக்கிறீங்களோ தெரியாது, அவங்களுக்கு நல்ல சம்பளம் குடுங்க, அவங்களை மாத்தாதீங்க. ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வருஷத்துல மூணு ஆள் மாறினா ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து கதையைச் சொல்லணும், மூணாவது தடவை யாரும் சொல்ல மாட்டாங்க, நல்லா இருக்கோம்னு சொல்லிக் கதவைச் சாத்திடுவாங்க.

நான் கேக்கறது அதோட தொடர்ச்சி. வாடகை வீட்டு புளோக் பக்கத்துல இருக்கற ஒவ்வொரு பாலர் பள்ளிக்கும், அந்தப் பேட்டையிலேயே குடியிருக்கற ஒரு அம்மாவையோ அக்காவையோ காலைல ஆறே முக்கால்லேருந்து ஒன்பதரை வரைக்கும் சம்பளம் குடுத்து வேலைக்கு வெச்சுக்கங்க. தன்னார்வலர் வேண்டாம், தன்னார்வலர் மழை பேஞ்சா வர மாட்டாங்க, நான் குத்தம் சொல்லலை, எனக்கும் அப்படித்தான். சம்பளம், சிபிஎஃப் சேமநிதி, எம்சி-ங்கற மருத்துவ விடுப்பு எல்லாம் உள்ள வேலை. தமிழ்க் குடும்பம் நிறைய இருக்கற புளோக்ல தமிழ் பேசறவங்க, மலாய்க் குடும்பம் இருக்கற இடத்துல மலாய் பேசறவங்க. வேலை என்னன்னா கதவைத் தட்டறது, பிள்ளையைக் கூட்டிட்டு வர்றது, வராத வீட்டுக்கு அன்னிக்கே போய் என்ன ஏதுன்னு கேக்கறது. காய்ச்சலா, கை கால் வாய் நோயா, இல்லை யூனிஃபார்ம் காயலையா. யூனிஃபார்ம் காயாதது ஒரு காரணமான்னு கேக்காதீங்க, ஒரே ஒரு செட்டு, டிசம்பர் மழை, பன்னெண்டு பேரு ஒரே நடைபாதையில துணி காயப்போடற புளோக், அங்க அது பெரிய காரணம்தான். அந்த மாசம் நான் என் காசுல ஒரு செட்டு வாங்கிக் குடுத்தேன், அவன் மறுநாளே வந்தான்.

பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நம்ம வருமானம் தெரிஞ்சிடுமேன்னு ஒரு பயம் வரும், அது நியாயமான பயம், வாடகை வீட்டுல மானம் ரொம்பப் பெருசு. அதனால அந்த அம்மா கையில காகிதமே போகக் கூடாது, சம்பளச் சான்று, சிங்பாஸ்ங்கற அரசாங்க இணையக் கணக்கு எதுவும் அவங்க தொடக் கூடாது, அது எஸ்எஸ்ஓ-ங்கற சமூக சேவை அலுவலகத்துலயும் உங்க ஆபீஸ்லயும் இருக்கட்டும். இவங்களுக்குக் கதவு மட்டும், காலை நேரம் மட்டும். பொறுப்பு யாரு, வழியில விழுந்தா காப்பீடு யாருன்னு கேப்பீங்க. ஸ்கூல் பஸ்ல வர்ற ஆண்டிக்கு என்ன ஏற்பாடோ அதேதான். பின்னணி பாக்கறது, முதலுதவி சொல்லிக்குடுக்கறது எல்லாம் நமக்குப் புதுசு இல்லை, இந்த ஊருல ஒரு விஷயத்தைச் செய்யணும்னு முடிவு பண்ணிட்டா அதுக்கு ஃபாரம் அடிக்க ஒரு வாரம் போதும்.

இன்னொரு லாபமும் இருக்கு. அந்த வேலைக்கு வர்ற அம்மாவே ஒரு வாடகை வீட்டு அம்மாவா இருக்கலாம். என் பையனோட அம்மா மாதிரி ஒருத்தர். காலைல மூணு மணி நேரம் தன் புளோக்லயே வேலை, தன் பிள்ளையும் அதே சென்டர்ல. அவங்கள்ல ஒரு நாலு பேரு அப்படியே பயிற்சி எடுத்து உதவி டீச்சரா வந்தாங்கன்னா, மூணு வயசுல தமிழுக்கு ஆள் கிடைக்கலைங்கற பிரச்சினைக்கும் ஒரு வழி பிறக்கும். தமிழ் டீச்சருக்கு ஆள் இல்லை ஆள் இல்லைன்னு பதினோரு வருஷமாக் கேக்குறேன், அந்த புளோக்ல கதை சொல்லத் தெரிஞ்ச, தாலாட்டுத் தெரிஞ்ச, ஒரு மணி நேரம் பத்து பிள்ளைங்களைக் கட்டி வெச்சுக்கத் தெரிஞ்ச பொம்பளைங்க எத்தனை பேரு சும்மா இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், தீபாவளிக்கு முறுக்குச் சுடறப்ப வந்து பாருங்க.

நம்ம சமூகத்து ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. சிண்டாங்கற நம்ம இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு மாசா மாசம் நம்ம சம்பளத்துலேருந்து போகுது, 1991-லேருந்து அவங்க செய்யறது கொஞ்ச நஞ்சம் இல்லை, ஆனா இது டியூஷன் மாதிரி சமூகக் காசுல ஒட்டுப் போடற வேலை கிடையாது, இது பாலர் பள்ளியோட ஒரு பகுதியாவே இருக்கணும், அரசாங்கச் செலவுல, எல்லா இனத்துப் பிள்ளைக்கும். அக்கறை இல்லாத பெத்தவங்கன்னு டீ குடிக்கும்போது பேசறதையாவது நாம நிறுத்திக்கலாம். அந்த அம்மா அஞ்சே காலுக்கு வீட்டை விட்டுப் போறப்ப, அவனோட சாக்ஸை உள்பக்கம் வெளியே வராம சரியாத் திருப்பி, ஒவ்வொண்ணையும் அந்தந்த ஷூ மேல வெச்சிட்டுத்தான் போறாங்க, அவனுக்கு எது இடது எது வலதுன்னு குழப்பம் வரக் கூடாதுன்னு. நான் கண்ணால பாத்தேன்.

அவன் இப்ப கே1. புது டீச்சர், அதே ஆயா, முட்டி இன்னும் மோசம். இந்த மாசம் இதுவரைக்கும் பதினோரு நாள் வந்திருக்கான், அதுல ஏழு நாள் நான் வேலைக்குப் போற வழியில முன்கூட்டியே கிளம்பி, மாடிக்குப் போய்க் கூட்டிட்டு வந்தது. செவ்வாய் வியாழன் எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை, திங்கள் புதன் நான் வேற சென்டருக்குப் போகணும், ரெண்டு பஸ் தள்ளி, அதனால அந்த ரெண்டு நாள் பெரும்பாலும் அவன் வர்றது இல்லை, வெள்ளிக்கிழமை அதிர்ஷ்டத்தைப் பொறுத்து.

உங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல ஆறே முக்காலுக்கு வாங்க. எந்த புளோக்னு தனியா எழுதி அனுப்பறேன், இங்க போட்டா அவங்களுக்குச் சங்கடம். முதல் லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது, ரெண்டாவதுல ஏறுங்க. எட்டாம் மாடி, கதவு பாதி திறந்திருக்கும், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கன்னு ஆயா சொல்லுவாங்க, காப்பி வேண்டாம்னு சொல்லாதீங்க, வருத்தப்படுவாங்க. அவன் பட்டனைப் போட்டுவிட்டு நாம மூணு பேருமாக் கீழ இறங்குவோம், ஏழரைக்கெல்லாம் அவனை உள்ள விட்டுடலாம்.

அன்புடன்,
செவ்வாய், வியாழன் வர்ற தமிழ் டீச்சர்